நாங்கள் கேட்பது மாநிலம்

ஒன்றியப் பிரதேசமாக இருக்கும் நம் புதுச்சேரிக்கு மாநிலத் தகுதி வேண்டுமா என்று தொலைக்காட்சியில் நடந்த விவாதத்தின் காணொளியை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மூன்று நாள்களாக நம் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் அதுதான் சுற்றிக்கொண்டிருக்கிறது. விவாதத்தில் பேசிய பெரியவர் சொன்னவை அனைத்தையும் இங்கே மறுபடி எழுதப்போவதில்லை. ஒரு வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். "இன்றைக்கு மாநிலம் கேட்பார்கள், நாளைக்குத் தனிநாடு கேட்பார்கள்" என்றார். நெறியாளர் சிரித்தார். பிறகு விளம்பர இடைவேளை. எதிர்த்துப் பேசவேண்டிய நம் ஊர்க்காரருக்கு அதற்கு மேல் நேரம் தரப்படவில்லை. மூன்று நாள்களாக அந்தச் சிரிப்பு என் காதை விட்டுப் போகவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் கேட்பது மாநிலம். தனிநாடு அன்று. இரண்டுக்கும் வேறுபாடு தெரியாதவர் அல்லர் அந்தப் பெரியவர். அரசியல் சட்டத்தின் மூன்றாவது கூறு எதற்காக இருக்கிறது என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். புதிய மாநிலங்களை உருவாக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தரும் கூறு அது. அந்தக் கூறின்படி ஒன்றைக் கேட்பவர், அந்தச் சட்டத்தை ஏற்றுக்கொண்டுதான் கேட்கிறார். நாட்டை விட்டுப் போக நினைப்பவர் எதற்காக அதே நாட்டின் நாடாளுமன்ற வாசலில் மனுவோடு நிற்கவேண்டும்?

தனிநாடு பற்றிய கேள்வி புதுச்சேரிக்குப் புதியதும் அன்று. எழுபது ஆண்டுகளுக்கு முன்பே அது எங்கள் முன் வைக்கப்பட்டது. நாங்கள் விடையும் சொல்லிவிட்டோம். 1947 ஆகஸ்ட் 15 அன்று டெல்லியில் கொடி ஏறியபோது புதுச்சேரியும் காரைக்காலும் மாஹேயும் ஏனாமும் வங்காளத்தில் இருந்த சந்திரநாகூரும் பிரான்சின் கையில் இருந்தன. எங்கே இருப்பது என்பதை அந்தந்தப் பகுதி மக்களே முடிவு செய்யட்டும் என்று 1948 ஜூனில் இந்தியாவும் பிரான்சும் ஒப்புக்கொண்டன. சந்திரநாகூருக்கு அதற்கு முன்பே 'சுதந்திர நகரம்' என்ற பெயரைப் பிரான்ஸ் கொடுத்திருந்தது. அந்த நகரத்து மக்கள் 1949 ஜூன் 19 அன்று வாக்களித்தபோது இந்தியாவோடு சேர 7,473 பேரும் எதிராக 114 பேரும் வாக்களித்தார்கள். சுதந்திர நகரம் என்று பெயர் சூட்டப்பட்ட ஊரே கேட்டது இதைத்தான்.

எங்கள் பக்கமும் ஆசைகாட்டல் இல்லாமல் இல்லை. பிரெஞ்சு ஒன்றியத்துக்குள் தன்னாட்சியோடு வாழலாம், பிரெஞ்சுக் குடியுரிமை கிடைக்கும், ஒரு சிறு நாடு போலவே இருக்கலாம் என்ற பேச்சு ஆண்டுக்கணக்கில் நடந்தது. அதை நம்பியவர்களும் அதனால் பதவியில் இருந்தவர்களும் இங்கே இருந்தார்கள் என்பதை மறைக்க நான் விரும்பவில்லை. ஆனால் அந்தப் பேச்சு ஊரில் வேர் பிடிக்கவில்லை. 1936 ஜூலை 30 அன்று சவானா மில் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சுக் காவலர்கள் சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். அதைப் பார்த்த ஊர் இது. கடைசியில் 1954 அக்டோபர் 18 அன்று வில்லியனூர் கொம்யூன் என்ற உள்ளாட்சிப் பகுதியில் இருக்கும் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடினார்கள்; 170 பேர் இந்தியாவோடு இணைய வேண்டும் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. தனிநாடாகவோ பிரான்சின் ஒரு துண்டாகவோ இருந்திருக்கக்கூடிய ஓர் ஊர், இரண்டும் வேண்டாம் என்று தானே நடந்து வந்து சேர்ந்தது. அந்த ஊரைப் பார்த்துத்தான் நாளைக்குத் தனிநாடு கேட்பார்கள் என்கிறார் அவர்.

என் தாத்தாவைப் பற்றிச் சொல்லாமல் இதை எழுத என்னால் முடியவில்லை. அவர் கடலூர் சாலையில் இருந்த ரோடியர் மில்லில் நெசவுப் பகுதியில் வேலை பார்த்தவர். அவருடைய அக்காவைக் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். இன்றைக்கு முள்ளோடையைத் தாண்டிப் பேருந்தில் போனால் ஒரு மணி நேரம்கூட ஆகாத தூரம் அது. ஆனால் அன்றைக்கு அது இரண்டு நாடுகளுக்கு இடைப்பட்ட எல்லை. புதுவையில் பத்து ஆண்டுகள் இருந்த பாரதியார் 1918 நவம்பரில் இந்த ஊரை விட்டுப் புறப்பட்டுக் கடலூர் அருகே போனதும் கைதானார் என்று பள்ளியில் படித்தோமே, அதே எல்லைதான். விடுதலைக்குப் பிறகு பிரான்சுக்கு நெருக்கடி கொடுப்பதற்காக இந்திய அரசு அந்த எல்லையில் சுங்கச் சோதனையைக் கடுமையாக்கியது. பிறகு அனுமதிச் சீட்டு இல்லாமல் தாண்ட முடியாது என்ற நிலையும் வந்தது. 1954இன் தொடக்கத்தில் தாத்தாவின் அக்கா இறந்தபோது, அந்தச் சீட்டு கைக்கு வந்து அவர் போய்ச் சேர்வதற்குள் பதினாறாம் நாள் காரியமும் முடிந்துவிட்டது. அக்காவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவில்லை என்பதை அவர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

எந்த அரசு எல்லையை அடைத்ததால் அவரால் அக்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லையோ, அந்த அரசோடுதான் சேரவேண்டும் என்று அவர் அதே ஆண்டில் ஊர்வலம் போனார். நான் சிறுமியாக இருந்தபோது, உங்களுக்குக் கோபம் வரவில்லையா தாத்தா என்று கேட்டேன். எல்லை இருந்ததால்தானே அடைத்தார்கள், எல்லையே போய்விட்டால் எதை அடைப்பார்கள் என்றார். இப்படிப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். எங்களுக்குத் தேசப்பற்றுப் பாடம் எடுக்க வருகிறவர், தன் குடும்பத்தில் யாரையாவது யாராவது எந்த நாட்டில் இருக்க விரும்புகிறாய் என்று கேட்டதுண்டா என்பதை யோசித்துப் பார்க்கட்டும்.

கீழூரில் வாக்களித்தவர்கள் வெறும் 178 பேர்தானே, அது மக்கள் வாக்கெடுப்பா என்று ஒரு நண்பர் நிச்சயம் கருத்துப் பெட்டிக்கு வருவார். உண்மைதான், நேரடி வாக்கெடுப்பாக இருந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அதற்கு முன்பே அந்த ஆண்டு ஜூனில் ஏனாமும் ஜூலையில் மாஹேயும் பிரெஞ்சு நிர்வாகத்தை வெளியேற்றிவிட்டன. ஊர் எந்தப் பக்கம் நின்றது என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை. இதற்கு மேல் இந்தக் கேள்விக்கு நான் விடை சொல்லப்போவதில்லை.

அடுத்து வருபவர், மாநிலம் எதற்கு, தமிழ்நாட்டோடு சேர்ந்துவிடுங்கள் என்பார். இதை அன்போடு சொல்பவர்களும் உண்டு என்பதால் பொறுமையாகவே சொல்கிறேன். எனக்குத் தமிழ்நாட்டோடு எந்தப் பகையும் இல்லை; என் உறவில் பாதி கடலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் புதுச்சேரி என்பது தமிழ் பேசும் பாகூரும் வில்லியனூரும் மட்டும் அன்று. மாஹே அரபிக் கடலோரம் மலையாளம் பேசிக்கொண்டிருக்கிறது. ஏனாம் கோதாவரிக் கரையில் தெலுங்கு பேசிக்கொண்டிருக்கிறது. புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் என்ற இந்த நான்கும் ஒரே குடும்பமாக இந்தியாவுக்கு வந்தன. 1956 மே 28 அன்று இந்தியாவும் பிரான்சும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் இரண்டாவது கூறு, இந்தப் பகுதிகளின் ஆட்சிநிலையில் பிற்காலத்தில் எந்த மாற்றம் செய்வதானாலும் மக்களின் விருப்பத்தை அறிந்த பிறகே செய்யவேண்டும் என்கிறது. 1979 ஜனவரியில் அன்றைய பிரதமர் மொரார்ஜி தேசாய் புதுச்சேரியை அண்டை மாநிலங்களோடு இணைப்பது பற்றிப் பேசியபோது, கட்சி வேறுபாடு இல்லாமல் ஊரே தெருவுக்கு வந்தது. அந்தக் கேள்விக்கும் விடை அன்றே சொல்லியாயிற்று. ஆக, எங்களைக் கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் தெளிவாகவே விடை சொல்லியிருக்கிறோம். தனியே போகமாட்டோம், கரைந்தும் போகமாட்டோம். மிச்சமிருப்பது ஒன்றுதான், அது மாநிலம்.

மாநிலம் இல்லாததால் என்ன குறைந்துபோயிற்று என்று வெளியூரில் இருப்பவர்கள் கேட்கிறார்கள். அரிசியில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் என் அம்மாவுக்கு அரசியல் என்றால் அரிசிதான். நாங்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த அமைச்சரவை நியாயவிலைக் கடையில் இலவச அரிசி தரவேண்டும் என்றது. மத்திய அரசு நியமிக்கும் துணைநிலை ஆளுநரின் மாளிகை, அரிசி வேண்டாம், வங்கிக் கணக்கில் பணம் போடுங்கள் என்றது. பணம் நல்லதா அரிசி நல்லதா என்று விவாதிக்கலாம். ஆனால் வாக்குக் கேட்டு எங்கள் தெருவுக்கு வந்தவர் ஒருவர், முடிவெடுத்தவர் வேறொருவர். நியாயவிலைக் கடைகள் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்தன. 2024 தீபாவளியை ஒட்டித்தான் திறந்தன. அத்தனை ஆண்டுகளும் என் அம்மா, எட்டு கிலோமீட்டர் தள்ளிக் கடலூர்ப் பக்கம் இருக்கும் தன் தங்கை அட்டையைக் காட்டி அரிசி வாங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேரவைக்கு வருவோம். முப்பது பேரை நாங்கள் தேர்ந்தெடுக்கிறோம். மூன்று பேரை மத்திய அரசு நியமிக்கிறது. அந்த நியமனத்துக்கு எங்கள் அமைச்சரவையைக் கேட்கவேண்டிய கட்டாயம் இல்லை என்று 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. சட்டம் அப்படி இருக்கிறது. நீதிமன்றத்தைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் 2021 பிப்ரவரி 22 அன்று ஓர் அரசு பெரும்பான்மை இழந்து விழுந்தபோது, யாருடைய வாக்கும் பெறாமல் அவைக்கு வந்த அந்த மூவரும் எதிர்ப்பக்கக் கணக்கில் இருந்தார்கள். பதவி விலகிய உறுப்பினர்களும் அதற்குக் காரணம்தான், ஒப்புக்கொள்கிறேன். விழுந்தது நல்ல அரசா கெட்ட அரசா என்பதும் என் பேச்சு அன்று. நான் அந்தக் கட்சிக்கு வாக்களித்தவளும் அல்லள். வெயிலில் வரிசையில் நின்று விரலில் மை வைத்துக்கொண்ட எங்கள் வாக்கின் எடை என்ன என்பதுதான் என் பேச்சு.

நிதியும் அப்படித்தான். சரக்கு மற்றும் சேவை வரி மன்றத்தில் உட்காரும்போது நாங்கள் மாநிலம் போல. நிதிக்குழு மத்திய வரியைப் பங்கிடும்போது நாங்கள் மாநிலம் அல்லர், ஆகவே பங்கு இல்லை. மத்திய அரசு மானியம் தருகிறதே, மாநிலமானால் அது குறையுமே, கடனை எப்படி அடைப்பீர்கள் என்று கேட்பவர்களின் அச்சத்தில் நியாயம் இருக்கலாம். அதை நிபுணர்கள் உட்கார்ந்து கணக்குப் போடட்டும். கடன் இல்லாத மாநிலம் எது என்று மட்டும் எனக்குச் சொல்லட்டும்.

சின்ன ஊருக்கு எதற்கு மாநிலம் என்பவர்களுக்கு: 2011 கணக்கெடுப்பின்படி புதுச்சேரியில் 12 இலட்சத்து 47 ஆயிரத்துச் சொச்சம் பேர். மிசோரத்தில் 11 இலட்சத்துக்கும் குறைவு. சிக்கிமில் 6 இலட்சத்துச் சொச்சம். கோவாவும் எங்களைப் போலவே ஓர் ஐரோப்பிய நாட்டின் கையில் இருந்து வந்ததுதான். ஒன்றியப் பிரதேசமாக இருந்து 1987 மே 30 அன்று மாநிலமானது. அதற்குப் பிறகு கோவா தனிநாடு கேட்டதா? 1971இல் மாநிலமான இமாச்சலப் பிரதேசம் கேட்டதா? ஒரு படி ஏறியவன் அடுத்த படியில் நாட்டை விட்டே போய்விடுவான் என்ற இந்தச் சந்தேகம் எங்கள் மீது மட்டும் ஏன் விழுகிறது? பத்துக்கும் மேற்பட்ட முறை எங்கள் பேரவை மாநிலத் தகுதி கேட்டுத் தீர்மானம் போட்டிருக்கிறது. 2023இலும் ஒருமனதாகப் போட்டது. எந்தத் தீர்மானத்திலாவது பிரிவு என்ற சொல் இருக்கிறதா என்று அந்தப் பெரியவர் எடுத்துப் பார்க்கட்டும்.

அந்த விவாதத்தில் எனக்கு இன்னும் அதிகமாக வலித்தது, "குடிக்கப் போகிற ஊருக்கு மாநிலம் எதற்கு" என்று இன்னொருவர் போகிறபோக்கில் சொன்னதுதான். என் மகள் சென்னையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். ஊர் எது என்று கேட்டுப் புதுச்சேரி என்று சொன்ன முதல் நாளே, வரும்போது பாட்டில் வாங்கி வருவாயா என்று கேட்டிருக்கிறார்கள். இரண்டாம் ஆண்டில் இருந்து அவள் கடலூர் என்று சொல்லத் தொடங்கிவிட்டாள். இதை அவள் என்னிடம் சொன்னபோது எனக்குப் பேச்சே வரவில்லை. வாரக் கடைசியில் வந்து குடித்து, கடற்கரைச் சாலையில் வாந்தி எடுத்துவிட்டுப் போகிறவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள் அல்லர். அந்த வருமானத்தை நம்பி அரசு நடக்கவேண்டிய நிலை ஏன் வந்தது என்பது, மில்கள் மூடப்பட்டதோடும் வரிப் பங்கு இல்லாததோடும் சேர்த்துக் கேட்கவேண்டிய கேள்வி. தாத்தா வேலை பார்த்த மில் 2020இல் நிரந்தரமாக மூடப்பட்டது. கடலூர்ப் பேருந்தில் அந்த மதிற்சுவரைக் கடக்கும்போதெல்லாம் நான் மறுபக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். அவருடைய தந்தை பிரெஞ்சுப் படையில் இருந்த சொல்தா, அதாவது சிப்பாய். ஆட்சி 1954இலேயே கைமாறியிருந்தாலும், சட்டப்படியான கைமாற்றம் நடந்த 1962இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பம். பிரான்சில் அதிபர் தேர்தல் நடக்கும்போது இவர் வேட்டி கட்டிக்கொண்டு இங்கேயே போய் வாக்களித்துவிட்டு வருவார். 2022இலும் போய் வந்தார். அவர்மீது எனக்குப் பொறாமையோ கோபமோ இல்லை. நல்ல மனிதர், எங்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கு முதலில் வந்து நிற்பவர். ஆனால் அவருடைய வாக்கு, தான் தேர்ந்தெடுக்கும் ஆட்சியின் கோப்புகளை யாரும் திருப்பி அனுப்ப முடியாத வாக்கு. இந்தியாதான் வேண்டும் என்று ஊர்வலம் போன நெசவாளியின் பேத்தியான என்னுடைய வாக்குக்கு அந்த எடை இல்லை.

மேலே, எங்களிடம் கேட்டார்கள், விடை சொன்னோம் என்று எழுதியிருக்கிறேன். எழுதி முடித்துப் படிக்கும்போது அதுவும் முழு உண்மை அன்று என்று தோன்றுகிறது. கோவா மக்களை 1967 ஜனவரி 16 அன்று வாக்குச்சாவடிக்கு அழைத்து, மகாராஷ்டிரத்தோடு சேர்கிறீர்களா, தனித்து இருக்கிறீர்களா என்று நேரடியாகக் கேட்டார்கள். 34,021 வாக்கு வேறுபாட்டில் அவர்கள் சேரமாட்டோம் என்றார்கள். எங்களை அப்படி ஒருவரும் ஒருநாளும் கேட்டதில்லை. மக்களின் விருப்பத்தை அறிந்த பிறகே என்று ஒப்பந்தத்தில் எழுதியவர்கள், அந்த விருப்பத்தை எந்த வாக்குப்பெட்டியில் போடுவது என்று எழுதவில்லை.

1954 அக்டோபர் 18 அன்று தாத்தா வேலைக்குப் போகவில்லை. ஒரு நாள் கூலி போனாலும் போகட்டும் என்று முதலியார்பேட்டையில் இருந்து இரவல் சைக்கிளில் கீழூருக்குப் போனார். உள்ளே 178 பேர் வாக்களித்துக்கொண்டிருந்தார்கள். அவர் வெளியே, கூட்டத்தோடு கூட்டமாக, மாலைவரை நின்றார்.