நீளக் கோடு விழுந்தாலே பிரஷர் பிளேட் குற்றவாளி இல்லை

"நெகட்டிவில் நீளவாக்கில் கீறல் என்றால் பிரஷர் பிளேட்டை மாற்றுங்கள்" என்று ஃபிலிம் கேமரா வைத்திருப்பவர்களுக்குச் சொல்வது வீண் செலவு வைக்கும் யோசனை. பிரஷர் பிளேட் என்பது கேமரா பின்மூடியின் உள்பக்கம் ஃபிலிமைத் தட்டையாக அழுத்திப் பிடிக்கும் தகடு. 35 மி.மீ. ஃபிலிமில் எமல்ஷன் (ஒளியை உணரும் பூச்சு) லென்ஸைப் பார்த்திருக்கும். பிளேட் தொடுவது பளபளப்பான பின்பக்கத்தை மட்டும்தான். முதலில் நெகட்டிவை விளக்கருகே சாய்த்துப் பிடித்து, கீறல் எந்தப் பக்கம் என்று பாருங்கள். மங்கலான எமல்ஷன் பக்கத்தில் இருந்தால் பிளேட்டை விட்டுவிடலாம். பிரிண்டும் காட்டிக்கொடுக்கும்: எமல்ஷன் சுரண்டப்பட்டிருந்தால் கறுப்புக் கோடு, பின்பக்கக் கீறல் பெரும்பாலும் வெள்ளைக் கோடு.

அடுத்து, கேசட்டுக்குள் (ஃபிலிம் சுருள் அடைத்த டப்பா) ஸ்பூல் என்ற நடு உருளையில் ஒட்டியிருந்த ஃபிலிமின் கடைசி முனை. அது கேசட்டை விட்டு வெளியே வருவதே இல்லை. கடையில் வாங்கிய ரோலில் கோடு அங்கும் ஓடினால், டெவலப் செய்யும்போதோ பிறகோ விழுந்தது. ஈர எமல்ஷன் ஊறி மென்மையாக இருக்கும். ஈரத்தை வழித்தெடுக்கும் ஸ்க்வீஜியில் ஒரு மணல் துகள் போதும்.

அந்த முனையில் கோடு இல்லையென்றால், கேமராவா கேசட்டா என்று பிரிக்க, ஒரு வீண் ரோலைக் கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றாமல் பின்மூடியைத் திறங்கள். கேசட் வாயிலேயே கோடு தொடங்கினால், அங்கே வெளிச்சம் புகாமல் தடுக்கும் வெல்வெட் துணியில் தூசி (பழைய கேசட்டில் மீண்டும் மீண்டும் ஃபிலிம் ஏற்றுபவர்களுக்கு வழக்கமான தொல்லை). பிளேட்டைக் கடந்த பிறகே தொடங்கினால் மட்டும் பிளேட்டைத் துடையுங்கள். மாற்றுவது அதற்குப் பிறகு.