180 கிராம் என்பது எடை மட்டும்தான்

மூர் மார்க்கெட் பழைய இசைத்தட்டெல்லாம் வேண்டாம், 180 கிராம் எல்பி (வினைல் இசைத்தட்டு) என்றால் நேராக மாஸ்டர் டேப்பிலிருந்து (மூல ஒலிநாடா) வந்தது, டிஜிட்டல் கலப்பே கிடையாது, டிஜிட்டல் என்றாலே மட்டம் என்று வண்ணாரப்பேட்டை அண்ணன் மேலே எழுதியிருக்கிறார். அண்ணே, 180 கிராம் என்பது தட்டின் எடை, அவ்வளவுதான். எந்தப் பதிவை வைத்து அதன் பள்ளங்களை வெட்டினார்கள் என்பதை அது சொல்லாது.

பீட்டில்ஸையே பாருங்கள். 2012-ல் வந்த ஸ்டீரியோ எல்பிகளும் 180 கிராம், 2014-ல் வந்த மோனோ எல்பிகளும் 180 கிராம். முன்னது டிஜிட்டல் ரீமாஸ்டரிலிருந்து (டிஜிட்டலில் மறுபடி சீராக்கிய பதிவு) வெட்டியது. பின்னதுதான் அனலாக் டேப்பிலிருந்து நேரடியாக. தராசில் வைத்தா பிரிப்பீர்கள்?

அட்டை வாசகத்தையும் முழுசாக நம்ப முடியாது. ‘ஒரிஜினல் மாஸ்டர் ரெக்கார்டிங்’ என்று போட்டு விற்ற மொபைல் ஃபிடெலிட்டி என்ற அமெரிக்க இசைத்தட்டு நிறுவனம், பல வெளியீடுகளில் நடுவே டிஎஸ்டி என்ற டிஜிட்டல் பதிவுக் கட்டம் இருந்ததை 2022-ல்தான் ஒப்புக்கொண்டது. அதுவரை அவற்றைச் சுத்த அனலாக் என்று சிலாகித்தவர்கள் எத்தனை பேர்! ஆகவே டிஜிட்டல் என்றாலே மட்டம் என்ற உங்கள் இரண்டாவது வரியும் நிற்காது.

அப்புறம், பழைய சிடியில் ஏஏடி என்ற மூன்றெழுத்துக் குறி இருந்தால் ரெக்கார்டிங்கும் மிக்சிங்கும் அனலாக், மாஸ்டரிங் (கடைசிப் பதிவைத் தயாரிப்பது) டிஜிட்டல். பயன்படுத்தியது மூல டேப்பா, நகலின் நகலா என்பது அதிலும் தெரியாது.