எம்ஆர்ஐயில் டிஸ்க் பிதுக்கம் வந்தாலே முதுகுவலிக்கு அதுதான் காரணமா?

"எம்ஆர்ஐயில் டிஸ்க் பிதுங்கியிருந்தா வலிக்கு அதுதான் காரணம், ஒரு மாசம் படுத்தே கிடக்கணும்"னு மேலே ஒரு அண்ணன் எழுதியிருக்கார். ரெண்டுமே தப்புங்க. டிஸ்க்னா முதுகெலும்புகளுக்கு நடுவுல மெத்தை மாதிரி இருக்கிற பகுதி. 2015-ல் வந்த ஒரு ஆய்வுத் தொகுப்பில், முதுகுவலியே இல்லாத 20 வயதுக்காரங்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது. 80 வயதில் 84 சதவீதம்.

வலிக்குக் காரணம் தசைப்பிடிப்பா, டிஸ்க்கான்னு தெரிய, வலி எங்கே போகுதுன்னு பாருங்க. தசைப்பிடிப்பு பெரும்பாலும் இடுப்போட நின்னுடும். போன வருஷம் கேஸ் சிலிண்டரை ஒருபக்கமா தூக்கி எனக்கு வந்தது அதுதான். கை வெச்ச இடம் கல்லு மாதிரி இறுகிக் கிடந்துச்சு, அமுக்கினா உயிர் போச்சு. வெந்நீர்ப்பை ஒத்தடம், வீட்டுக்குள்ளேயே மெல்ல நடை. பத்து நாளில் சரியாச்சு.

டிஸ்க் நரம்பை அழுத்தினா வலி முழங்காலைத் தாண்டிப் பாதம் வரைக்கும் ஷாக் அடிச்ச மாதிரி இழுக்கும். தும்மினா, இருமினா கூடும். கால் கட்டைவிரல் மரத்துப்போகலாம். அதுவும் பலருக்கு 6 முதல் 12 வாரத்தில் ஆபரேஷன் இல்லாமலே குறைஞ்சிடும். நாள்கணக்கா படுத்தா தசைதான் பலவீனமாகும்.

ஆனா பாதத்தைத் தூக்க முடியலேன்னாலோ, சிறுநீர் அடைச்சாலோ, சைக்கிள் சீட் படுற இடம் மரத்தாலோ அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க, விடியட்டும்னு காத்திருக்காதீங்க.