குவெட்சால்கோட்லஸ் குன்றிலிருந்து குதித்துத்தான் பறந்ததா?

டெக்சாஸின் பிக் பெண்ட் தேசியப் பூங்காவில் 1971-இல் டக்ளஸ் லாசன் கண்டெடுத்த குவெட்சால்கோட்லஸ் என்னும் டெரோசர் (டைனோசர் காலத்தில் வாழ்ந்த பறக்கும் ஊர்வன), சுமார் 10 மீட்டர் சிறகு விரிவும் பெரும் எடையும் கொண்டிருந்ததால், குன்றிலிருந்து குதித்தே பறந்தது என்று பரவும் செய்தி தவறானது. பறவையைப் போல இரு கால்களால் மட்டும் உந்தி எழ வேண்டும் என்ற அனுமானத்தில்தான் பிழை தொடங்குகிறது. டெரோசர்கள் சிறகு தாங்கிய கைகளையும் ஊன்றி நான்கு கால்களாலும் நடந்தன என்பதற்குப் பிரான்சின் கிரேசாக்கில் கிடைத்த தடங்கள் அருமையான சான்று: மூன்று விரல் பதிந்த கைத்தடங்கள் பாதத்தடங்களுக்கு வெளிப்புறமாக விழுந்திருக்கின்றன, சிறகைத் தாங்கும் நான்காம் விரலோ மடிந்து மேலே நின்றது. கை எலும்புகளின் வலிமையைக் கணக்கிட்ட ஆய்வாளர் மைக்கேல் ஹபீப், டெரோசர்கள் முக்கியமாகக் கைகளால் தரையை உந்தி எழுந்தன என்று 2008-இல் விளக்கினார். இன்று ஆய்வாளர் பலர் ஏற்கும் விளக்கம் அது. மேலும், அந்தப் புதைபடிவம் கிடைத்த இடம் அக்காலத்தில் ஆறுகள் பாய்ந்த சமவெளி.