சல்சா பாட்டின் உயிர் பின்பாதியில் இருக்கிறது

நேற்று இரவு மறுபடியும் 'பெத்ரோ நவாஹா' என்ற சல்சா பாட்டைக் கேட்டேன். எத்தனையாவது தடவை என்று எண்ணிக்கை இல்லை. கேட்டு முடித்ததும், கொஞ்ச நாளாக மனதில் ஓடிக்கொண்டிருந்ததை எழுதிவிடலாம் என்று தோன்றியது. லத்தீன் அமெரிக்க ஆட்ட இசையான சல்சாவில் வந்து போன பாட்டுகளுக்குக் கணக்கே கிடையாது. அதில் சில மட்டும் நாற்பது, ஐம்பது வருடம் கழித்தும் கூட்டத்தை எழுந்து நின்று பாட வைக்கின்றன. அது ஏன்?

"கால் தானாக ஆடினால் அது கிளாசிக்" என்பார் என் நண்பர் ஒருவர். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. கால் ஆடாத சல்சா ஏது? அடியில் கிளாவே என்ற தாளக் கணக்கு ஓடுகிறது. இரண்டு கட்டைகளைத் தட்டி எழுப்பும் ஐந்து தட்டு. ஒரு பக்கம் மூன்று, மறுபக்கம் இரண்டு. கொங்கா, திம்பாலே என்ற மேளங்கள், பியானோ எல்லாமே அதை ஒட்டித்தான் நடக்கும். கட்டையை யாரும் தட்டாத பாட்டிலும் எல்லோர் கையும் அந்தக் கணக்கை விடாது. அடிக்குரல் வாத்தியமான பாஸோ, முதல் தட்டு வரும்வரை காத்திருக்காமல் ஒரு கணம் முந்தி விழுந்துவிடும். உடம்பு முன்னால் இழுபடுவது அதனால்தான். ஆனால் இதெல்லாம் சுமாரான பாட்டிலும் இருக்கிறதே.

பாட்டு நிற்குமா, மறக்கப்படுமா என்பது அதன் பின்பாதியில்தான் முடிவாகிறது என்பது என் கருத்து. முன்பாதியில் பாடகர் கதையைச் சொல்வார். அப்புறம் மொந்தூனோ என்ற பின்பாதி தொடங்கும். பியானோ ஒரே சுழற்சியில் சுழலும், கோரஸ் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடும், ஒவ்வொரு இடைவெளியிலும் பாடகர் புதிதாக ஒரு வரி போடுவார். அப்படி அந்த நேரத்திலேயே வரி கட்டத் தெரிந்தவரைத்தான் சொனேரோ என்கிறார்கள். கோரஸ் வரி கேட்பவர்களுடையது, அரங்கமே அதைப் பாடும். முப்பது தடவை பாடினாலும் அந்த வரி தேயக் கூடாது, இன்னும் கனக்க வேண்டும். முன்பாதி அதற்குள் எதையாவது ஏற்றி வைத்திருந்தால்தான் அது நடக்கும்.

'பெத்ரோ நவாஹா' 1978-இல் வந்த 'சியெம்ப்ரா' இசைத்தட்டில் இருக்கிறது. எழுதிப் பாடியவர் பனாமாக்காரரான ரூபன் பிளேட்ஸ், உடன் நின்றவர் டிராம்போன் கலைஞரும் இசைக்குழுத் தலைவருமான வில்லி கோலோன். பிளேட்ஸ் நியூயார்க்கில் முதலில் சேர்ந்தது சல்சா இசைத்தட்டுகளை வெளியிட்ட ஃபானியா நிறுவனத்தின் தபால் பிரிவில். பாட்டு ஏழு நிமிடத்துக்கு மேல் போகும், வானொலியின் மூன்று நிமிட அளவுக்குள் அடங்காது. தெருவில் ஒரு ரவுடி, தங்கப்பல் மின்ன, கத்தியோடு வருகிறான். அன்று ஒரு காசுகூடச் சம்பாதிக்காத பாலியல் தொழிலாளி ஒருத்தி, பையில் துப்பாக்கியோடு நடக்கிறாள். அவன் குத்துகிறான், அவள் சுடுகிறாள், இரண்டு பேருமே விழுகிறார்கள். இத்தனை நேரமும் கோரஸ் இல்லை. கடைசியில் ஒரு குடிகாரன் தடுக்கி விழுந்து, துப்பாக்கியையும் கத்தியையும் காசையும் எடுத்துக்கொண்டு, சுருதி சேராமல் ஒரு வரியைப் பாடிக்கொண்டே போகிறான்: வாழ்க்கை நமக்கு எதிர்பாராததைத் தந்துவிடும் என்று. கோரஸ் பிறப்பது அங்கேதான்! அரங்கம் முழுக்கப் பாடுவது அந்தக் குடிகாரனின் பாட்டை. கதையிலிருந்து கோரஸுக்கு இதைவிட அழகாக ஒருவர் கதவு திறந்து நான் கேட்டதில்லை.

பாடகர் எக்தோர் லவோவின் 'எல் காந்தாந்தே'யும் அதே வருடம்தான். அதை எழுதியவரும் பிளேட்ஸ்தான். தனக்கென்று வைத்திருந்த பாட்டை, வில்லி கோலோன் கேட்டதால் லவோவுக்குக் கொடுத்தார். நீங்கள் காசு கொடுத்துக் கேட்க வரும் பாடகன் நான், ஆனால் எனக்கு வலிக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை என்பதுதான் பாட்டு. போதையோடு போராடிக்கொண்டிருந்த ஒருவர் அதைப் பாடியதும் அது அவருடைய சொந்தக் கதையாகிவிட்டது. இன்று உங்களுக்காக என் சிறந்த வரிகளைப் பாடுகிறேன் என்று கோரஸ் வரும்போது, அவர் சிரித்துக்கொண்டே வரிக்கு வரி போடுவார். எனக்கு ஸ்பானிஷ் தெரியாத நாளிலேயே அந்தக் குரல் தொண்டையை அடைத்தது. 1993-இல் 46 வயதில் அவர் இறந்தார். அதற்கப்புறம் அந்தப் பாட்டை வேறு யார் பாடினாலும் லவோவும் கூட நிற்கிறார்.

பாடலாசிரியர் தீத்தே குரே அலோன்சோவைச் சொல்லாமல் விட முடியாது. பத்திரிகையில் எழுதியவர், புவெர்த்தோ ரிக்கோவில் தபால் துறையில் பல வருடம் வேலை பார்த்தவர். முடிந்துபோன காதலை நேற்றைய செய்தித்தாளுக்கு ஒப்பிட்டு அவர் எழுதியதையும் 1976-இல் லவோதான் பாடினார். காலையில் பரபரப்பு, மதியம் உறுதியான செய்தி, சாயங்காலம் மறந்துபோன விஷயம். இவ்வளவுதான் உவமை. எந்த நாட்டில் காதலித்தவருக்கும் விளக்கம் தேவைப்படாது.

"இதெல்லாம் ஃபானியா காலத்து ஏக்கம், பழசு என்பதால்தான் பெரிதாகத் தெரிகிறது" என்பவர்களும் உண்டு. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 1980-களின் பிற்பாதியில் வந்த காதல் சல்சாவில் குரல் இனிமை, ஒலிப்பதிவு சுத்தம். ஆனால் பலதில் கோரஸ் என்பது பாட்டின் தலைப்பைத் திரும்பச் சொல்வதோடு சரி. பாடகர் எதோடு பேசுவார்? அதே காலத்தில்தான், 1986-இல், கொலம்பியாவிலிருந்து பாடகர் ஜோ அரோயோவின் 'ரெபெலியோன்' வந்தது. அரோயோ பிறந்தது கார்த்தஹேனாவில். ஆப்பிரிக்கர்களை அடிமைகளாகக் கப்பலில் கொண்டுவந்து இறக்கிய துறைமுகம் அது. பாட்டு நடப்பது அங்கேயே, 1600-களில். ஸ்பானிய எஜமான் ஒருவன் ஒரு கறுப்பினப் பெண்ணை அடிக்கிறான், அவள் கணவன் எதிர்த்து எழுகிறான். கோரஸ் அவனுடைய குரல்: அவளை அடிக்காதே. அதைப் பாடிக்கொண்டு ஆயிரம் ஜோடிகள் ஆடுகிறார்கள். துயரத்தை மறந்து ஆடுகிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. அவன் பக்கம் நின்று ஆடுகிறார்கள்.

கொலம்பியாவில் உள்ள காலி என்ற நகரத்துக்காரர்கள் இதை வேறு மாதிரி, கால்தான் முக்கியம் என்று சொல்லக்கூடும். நிமிடத்துக்கு 33 சுற்று சுழல வேண்டிய இசைத்தட்டுகளை 45 சுற்றில் ஓடவிட்டு, அந்த வேகத்துக்குக் கால் பழக்கிய ஊர் அது. ஆனால் அவர்கள் தங்கள் ஊர்க் கீதமாக வைத்திருக்கும் 'காலி பச்சாங்கேரோ', 1984-இல் குரூப்போ நீச்சே இசைக்குழுவுக்காக ஹைரோ வரேலா எழுதியது, ஊரைவிட்டுத் தூரத்தில் இருப்பவனின் ஏக்கம்தானே!

புதிதாகக் கேட்க நினைப்பவர்கள் 'ரெபெலியோன்'இல் தொடங்குங்கள். நல்ல ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள். செலீத்தோ தே காஸ்த்ரோவின் பியானோ நீளமாகத் தனியே ஓடும் இடம் வரும். அங்கே நிறுத்திவிடாதீர்கள், கோரஸ் திரும்பி வரும்வரை காத்திருங்கள்.