ஸ்டீவ் இர்வினின் கடைசி நிமிட வீடியோ என்று வருவது பொய்

‘முதலை மனிதர் ஸ்டீவ் இர்வின் சாகும் காட்சி வெளியானது’ என்று வேலூர், காட்பாடி, குடியாத்தம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு வீடியோ சுற்றுகிறது. அது அவருடைய காட்சி இல்லை.

வனவிலங்குகள் பற்றிய டிவி நிகழ்ச்சிகளால் பிரபலமான ஆஸ்திரேலியர் இர்வின், 2006 செப்டம்பர் 4 அன்று, ஆஸ்திரேலியாவின் பவளத்திட்டுப் பகுதியில் படப்பிடிப்பின்போது திருக்கை மீனின் வால் முள் நெஞ்சில் குத்தி இறந்தார். வயது 44. கேமராவில் அது பதிவானது உண்மைதான். ஆனால் அதை ஒளிபரப்பவே மாட்டோம் என்று மனைவி டெரி சொல்லிவிட்டார். விசாரணைக்குப் பின் பிரதிகள் அழிக்கப்பட்டன. 2007 ஜனவரி ஆஸ்திரேலியப் பத்திரிகைச் செய்திகளைத் தேடிப் பார்க்கலாம்.

வீடியோவோடு ‘கொலைகார மீனை விடாதீர்கள்’ என்றும் எழுதியிருக்கிறார்கள். அதுதான் மனதை உறுத்துகிறது. திருக்கை மிரண்டால் தற்காப்புக்குக் குத்தும், தேடி வந்து தாக்காது. அவர் இறந்த சில நாட்களில் குயின்ஸ்லாந்து கடற்கரைகளில் வால் அறுக்கப்பட்ட திருக்கைகள் செத்துக் கிடந்தன. ரசிகர்களின் பழிவாங்கலோ என்ற சந்தேகம் எழுந்தபோது, அவர் தொடங்கிய வனவிலங்கு அமைப்பே அதைக் கண்டித்தது.

டிவியில் அவரைப் பார்த்து வளர்ந்தவர்கள் நம் ஊரிலும் உண்டு. தயவுசெய்து இதை மேலும் அனுப்பாதீர்கள். அப்புறம், அனுப்பியவரிடமும் தனியாக எடுத்துச் சொல்லுங்கள்.