கானாங்கோழிக் கணக்கு

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு படம் வந்தது. பைக் கைப்பிடியில் வாழைநாரில் கட்டித் தொங்கும் ஆறு பறவைகள். குளக்கரையில் திரிகிற கானாங்கோழி நான்கு, நீலச்சிறகி வாத்து இரண்டு. கீழே, "இன்னைக்கு நம்ம வீட்ல ஸ்பெஷல்." போட்டவன் எனக்குத் தம்பி முறை. அரை மணி நேரத்தில் பதினேழு பேர் கட்டைவிரலைத் தூக்கிவிட்டார்கள். ஒரு மாமா மட்டும், "மக்கா, பாரஸ்ட்காரன் கண்ணுல பட்டா சோலி முடிஞ்சு. படத்த எடுத்துரு" என்று எழுதினார். சுட்டதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. படத்தைப் பற்றித்தான்.

நான் சைவம் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கமெண்டில் அதைத்தான் பிடித்துக்கொள்வீர்கள். கானாங்கோழிக் கறி தின்று வளர்ந்தவன் நான். எங்கள் பாட்டி தேங்காயை வறுத்து, நல்லமிளகும் உள்ளியும் கூட்டி அரைத்து, மண்சட்டியில் வைப்பாள். மூச்சிழுப்புக்கு நல்லது என்று பாட்டா சொல்வார். எங்கள் வீட்டில் யாருக்கும் இழுப்பு கிடையாது. ஆனாலும் மார்கழியில் இரண்டு மூன்று தடவையாவது அந்த மருந்து அடுப்பில் கொதிக்கும். தின்னும்போது பல்லில் ஈயக் குண்டு கடிபடும். துப்பி எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டால் 'டங்' என்று சத்தம் வரும். யாருக்கு அதிகம் கிடைத்தது என்று நாங்கள் பிள்ளைகள் போட்டி போடுவோம்.

துப்பாக்கி சித்தப்பாவுடையது. பம்பாயிலிருந்து ஊருக்கு வந்தபோது கொண்டுவந்த ஏர்கன். நடுவில் மடக்கி, குண்டு போட்டு, நிமிர்த்திச் சுடுவது. குண்டு தகர டப்பாவில் வரும், பூவை வாடவைத்தது மாதிரி இடுப்பு ஒடுங்கி இருக்கும். உரிமம் எதுவும் தேவையில்லாத சின்னத் துப்பாக்கி. கும்பப்பூ நடவு முடிந்து வயலில் தண்ணீர் நிற்கும் நாட்களில், சாயங்காலம் நாலரை மணிக்கு மேல் நாங்கள் குளத்தங்கரைக்குப் போவோம்.

எனக்குப் பதினான்கு வயதில் சித்தப்பா முதன்முதலாகத் துப்பாக்கியை என் கையில் தந்தார். சம்பைப் புல்லுக்கு வெளியே ஒரு கானாங்கோழி வந்தது. வெள்ளை வேட்டியை முன்னால் மட்டும் கட்டிக்கொண்டது மாதிரி முகமும் நெஞ்சும் வெளுத்து, முதுகு கறுத்து, வாலை வெட்டி வெட்டி நடந்தது. வாலுக்கு அடியில் செங்கல் நிறம். சுட்டேன். பட்டது. ஆனால் அது விழவில்லை. ஒரு பக்கச் சிறகைச் சேற்றில் இழுத்துக்கொண்டே ஓடித் தாழம்புதருக்குள் போய்விட்டது. தாழைமுள்ளில் கையெல்லாம் கிழித்துக்கொண்டு இருட்டும்வரை தேடினோம். "சவத்த விடுடே, கீரி தின்னுக்கிடும்" என்றார் சித்தப்பா.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு டியூஷனுக்கு அதே கரைவழியாகப் போனேன். அது இருந்தது. தாழைக்கு வெளியே, சேற்றில் பாதி புதைந்து, உயிரோடு. அலகைத் திறந்து திறந்து மூடியது, சத்தம் வரவில்லை. கழுத்தைத் திருகி முடித்திருக்கலாம், தூக்கி வீட்டுக்காவது கொண்டுபோயிருக்கலாம். எனக்கு டியூஷனுக்கு நேரமாகிவிட்டது. போய்விட்டேன். எட்டரைக்குத் திரும்பி வந்தபோது கண்ணில் எறும்பு ஏறியிருந்தது.

அன்றோடு நான் துப்பாக்கியைத் தொடவில்லை என்று எழுத ஆசைதான். தொட்டேன். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் சுட்டேன். நிறுத்தியதற்குக் காரணம் பிளஸ் டூ. ஆனால் இதைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் சட்டியில் கொதித்த பறவைகள் எனக்கு ஞாபகம் வருவதில்லை. இந்த ஒன்றுதான் வருகிறது.

சரி, தம்பிக்குப் போன் போட்டேன். அவனும் விடவில்லை. "அண்ணே, நீ மட்டும் பிராய்லர் தின்னலாம், நான் குளத்துல கெடக்கதத் தின்னா குத்தமா?" என்றான். நியாயமான கேள்வி. நாற்பது நாள் வெளிச்சமும் தீவனமுமாக அடைத்து வைத்து, சொந்தக் காலில் நிற்க முடியாத எடைக்கு ஏற்றி வெட்டுகிற கோழியைவிட, குளத்தில் இஷ்டப்படி திரிந்து ஒரே நொடியில் செத்த பறவை நன்றாகத்தான் வாழ்ந்திருக்கும். இதற்கு என்னிடம் முழுப் பதில் கிடையாது. ஆனால் 'ஒரே நொடியில்' என்கிற அந்த இடத்தில்தான் எனக்குச் சந்தேகம். ஏர்கன் பலம் குறைந்த சாமான். தலையிலோ நெஞ்சிலோ சரியாகப் பட்டால்தான் சாவு, மற்றதெல்லாம் காயம். சுட்டவன் எவனும் காயம்பட்டுப் போனதைப் படம் எடுத்துப் போடுவதில்லை.

அப்புறம், கறிக்காக என்கிறான். கானாங்கோழி உயிரோடு இருக்கும்போதே கால் கிலோவை ஒட்டித்தான் வரும். தோலுரித்துக் குடல் எடுத்தால் உள்ளங்கையில் அடங்கிவிடும். ஆறையும் சேர்த்தாலும் ஜங்ஷன் கடையில் வாங்குகிற ஒரு கோழிக்குக் காணாது. அதற்கு விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, பெட்ரோல் அடித்து, அட்டை கடிக்கச் சேற்றில் நிற்பவனுக்குப் பசி இல்லை. விசையை அழுத்துகிற ஆசை. அந்த ஆசை என்னவென்று எனக்குத் தெரியும், குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் அதற்குச் சாப்பாடு என்று பெயர் வைக்காதே என்றேன். பசிக்காகக் கண்ணி வைக்கிறவன் கதை வேறு, அவனை இதில் சேர்க்கவில்லை.

ராஜஸ்தானில் பரத்பூர் என்று ஒரு இடம், இப்போது தேசியப் பூங்கா. 1938 நவம்பரில் வைஸ்ராய் லின்லித்கோ வந்தபோது ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டார்கள். கல்லில் கொத்தி வைத்திருக்கிறார்கள், இன்றைக்கும் போய் வாசிக்கலாம். அத்தனையையும் யார் தின்றிருப்பார்கள்? அதுவும் பொறுக்கிச் சேர்த்ததின் கணக்குதான். புல்லுக்குள் போய் ஒளிந்தது கல்லில் ஏறியிருக்காது.

தம்பி அடுத்து அமெரிக்காவை இழுத்தான். எங்கள் அத்தை மகன் டெக்சாஸில் இருக்கிறார். ஒவ்வொரு செப்டம்பரும் புறா சுட்ட படம் அனுப்புவார். "அங்க எல்லாம் அனுமதிதானே?" ஆமாம், அனுமதிதான். எப்படி அனுமதி என்று அத்தானிடமே ஒருமுறை கேட்டிருக்கிறேன். உரிமம் வேண்டும். இத்தனாம் தேதிக்குள்தான் சுட வேண்டும். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குப் பதினைந்து புறா, அதற்குமேல் கூடாது. வாத்து சுடுவதென்றால் 1934 முதல் தனியாக ஒரு ஸ்டாம்ப் வாங்க வேண்டும், அந்தப் பணத்தில் சதுப்பு நிலங்களை வாங்கிப் பாதுகாக்கிறார்கள். வேட்டைக்காரன் காசில் வாத்துக்குக் குளம். கேட்க எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது, ஏனென்றால் நம் ஊரில் வேட்டைக்காரனும் காசு தருவதில்லை, வேட்டை கூடாது என்கிற நானும் தந்ததில்லை.

இன்னொன்றும் அவர் சொன்னார். வாத்துக்கு ஈயக் குண்டு போடக்கூடாது என்று அங்கே 1991 முதல் நாடு முழுக்கத் தடை. காரணம் சுட்ட வாத்து அல்ல, சுடாத வாத்து. வாத்துக்குப் பல் கிடையாது. தின்றதை அரைக்கக் குளத்தடியில் பொடிக்கல் பொறுக்கி விழுங்கும். சேற்றில் கிடக்கிற ஈயக் குண்டையும் கல் என்று விழுங்கிவிடும். அது உள்ளே அரைபட்டு ரத்தத்தில் கலந்து வாத்து மெல்லச் சாகும். பிறகு, அடிபட்டு விழுந்ததைத் தேடி எடுக்க முயற்சி செய்தே ஆக வேண்டும் என்பதும் அங்கே விதி. தேடுவதற்கென்றே நாயைப் பழக்குகிறார்கள். இதைக் கேட்டதும் எனக்குத் தாழம்புதர்தான் ஞாபகம் வந்தது. கிண்ணத்தில் 'டங்' என்று போட்ட குண்டுகளும். குறி தவறிக் குளத்துக்குள் போனது எத்தனை டப்பா இருக்கும்!

நம் நாட்டிலும் ஒரு காலத்தில் உரிமம் கொடுத்துச் சுட விட்டார்கள். 1972 வனவிலங்குச் சட்டத்திலேயே அதற்கு இடம் இருந்தது. 1991 திருத்தத்தில் அந்த வாசலை அடைத்துவிட்டார்கள். இப்போது கானாங்கோழிக்கும் சிறகிக்கும் கண்ணி வைத்தாலே வேட்டைதான், குறி தப்பினாலும் வேட்டைதான். மூன்று வருஷம் வரை ஜெயில், ஒரு லட்சம் வரை அபராதம். அந்த மாமா பயந்ததில் அர்த்தம் இருக்கிறது.

பழையவர்களைப் புனிதராக்கவும் எனக்கு விருப்பமில்லை. 1933இல் பறவையியலாளர் சாலிம் அலி திருவிதாங்கூர், கொச்சிப் பறவைகளைக் கணக்கெடுக்க வந்தார். நம் கன்னியாகுமரி மாவட்டம் அப்போது திருவிதாங்கூரில் இருந்தது. அந்தக் காலத்து வழக்கப்படி அவரும் பறவைகளைச் சுட்டு, தோலை உரித்து, மாதிரிகளாகச் சேர்த்துத்தான் படித்தார். நம் பறவைகளைப் பற்றிய அறிவில் ஒரு பங்கு துப்பாக்கி வழியாக வந்தது. வந்து சேர்ந்தாயிற்று, இனி பைனாகுலர் போதும்.

கடைசியாகத் தம்பி, "நாலுவழிச் சாலைக்குக் குளத்துலயே மண்ணக் கொட்டுனப்ப எங்க போனீரு?" என்றான். அண்ணே போய் நீரு வந்துவிட்டது, கோபம் ஏறிவிட்டது என்று புரிந்தது. எங்கேயும் போகவில்லை, வீட்டில்தான் இருந்தேன், அது என் தப்பு. 2022இல் சுசீந்திரம்–தேரூர், வேம்பனூர் குளங்களை, உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்று ராம்சர் தலமாக அறிவித்தபோது படத்தைப் பகிர்ந்து பெருமைப்பட்டேன், அவ்வளவுதான். ஆனால் குளம் சுருங்குவது இன்னும் சுடுவதற்கு எப்படிக் காரணமாகும்? தண்ணீர் குறையக் குறையப் பறவை ஒரே இடத்தில் நெருங்கித்தான் நிற்கும், குறி சுலபமாகும், அவ்வளவுதான் லாபம். கானாங்கோழியாவது நம் ஊர்க்காரன், இங்கேயே முட்டையிடும். நீலச்சிறகி சைபீரியா பக்கமெல்லாம் குஞ்சு பொரித்துவிட்டு, கண்டத்தையே தாண்டி நம் தாமரைக்குள் வந்து இறங்குகிற பறவை. கோழிப்பண்ணை மாதிரி அதைக் கூடுதலாகப் பொரிக்கவைக்க யாராலும் ஆகாது.

போனை அவன்தான் வைத்தான். படம் குழுவில் இல்லை, மாமா பேச்சுக்கு மரியாதை கொடுத்து எடுத்துவிட்டான். ராத்திரி அவனுக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பினேன். சட்டம், ராம்சர் எதுவும் எழுதவில்லை. "மக்கா, ஆறு கிடைச்சுது. அடிபட்டுக் கிடைக்காமப் போனது எத்தனை?" என்று மட்டும் கேட்டேன்.

இரண்டு டிக்கும் நீலமாகி நாலு நாள் ஆகிறது. பதில் வரவில்லை.